கருவின் துடிப்பும் கடவுள் தயவும்

(மயிலாப்பூர் மாங்கொல்லையில் நடைபெற்ற பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் இன்னதென்று நோட்டீசில் பார்த்ததுமே சில தோழர்கள் சிரித்துவிட்டார்கள். "ஜாதியைப் பற்றிப் பேசுவீர்கள், கடவுளைப் பற்றிப் பேசுவீர்கள், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை?" என்று நேரிலேயே கேட்டார்கள். யோக்கியதை இல்லைதான். நாம் டாக்டருக்குப் படித்தவரல்ல. இதில் நமக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகங்களை வாங்கிப் படித்ததும், தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்து கேட்டதுந்தான். ஆனால் தோழர்களே, கர்ப்பத்தைப் பற்றி ஓரெழுத்தும் படிக்காத புரோகிதரும் ஜோசியரும் நம் வீட்டுப் பெண்களின் வயிற்றைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பேசி, அதற்குத் தட்சணையும் வாங்கிக் கொண்டு போயிருக்கும்போது, கொஞ்சம் படித்துவிட்டுத் தட்சணை இல்லாமல் பேசுகிறவனை மட்டும் யோக்கியதை கேட்பது என்ன நியாயம்?

இன்னும் சிலர், "இது பெண்கள் விஷயம், ஆண்கள் ஏன் மேடையில் பேசவேண்டும்?" என்கிறார்கள். பெண்கள் விஷயம் என்றால் பெண்களிடமே விட்டிருக்கலாமே? விட்டார்களா? கர்ப்பமானவள் எந்த மாதத்தில் எந்தச் சடங்கு செய்யவேண்டும், எந்த நாளில் வெளியே போகக்கூடாது, எதைத் தின்னக்கூடாது, பிள்ளை தங்காவிட்டால் அது எந்தப் பாவத்தின் பலன் என்பதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் ஆண்கள்தானே! ஆகையால் அந்தக் குப்பையைக் கூட்டுவதிலும் ஆண்களுக்குப் பங்கு உண்டு என்பது நமது எண்ணம்.

இந்தக் கூட்டத்திற்கு வந்தவர்களில் பலர் தியாகராயநகரிலிருந்து வந்திருக்கிறீர்கள். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த தியாகராயச் செட்டியாரும், டாக்டர் நாயரும், டாக்டர் நடேசனும் சேர்ந்து 1916-ம் வருஷம் கட்டிய சங்கந்தான் பிறகு ஜஸ்டிஸ் கட்சி என்று பெயர் பெற்றது. மூவரில் இருவர் வைத்தியர்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். நாயர் ரோடும் நடேசன் பூங்காவும் இன்று நமக்கு வெறும் பஸ் நிற்கும் இடங்களாகிவிட்டன. பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் முதல் தலைவர்களில் இருவர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்கள் என்றால், அந்த இயக்கத்தின் வழிவந்த நாம் வைத்தியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது வழி தவறிப் போவதல்ல. நிற்க.

விஷயத்திற்கு வருவோம். அடையாற்றில் குடியிருக்கும் நமது இளந்தோழர் ஒருவர். கலியாணமாகி இரண்டு வருஷம். மனைவிக்கு நாள் தள்ளிப் போயிற்று. மூத்திரப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். கணக்குப் பார்த்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதென்று ஒரு ஸ்கேன் நிலையத்திற்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "கரு 3 மில்லிமீட்டர் இருக்கிறது. துடிப்பு இன்னும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து வாருங்கள்" என்று சொன்னார். அவர் சொன்னது மூன்று வாக்கியம். வீட்டார் காதில் விழுந்தது நடு வாக்கியம் ஒன்றுதான்.

அன்று மாலையே வீடு சாவு வீடாகிவிட்டது. மாமியார், "கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போகாதே, போகாதே என்று தலையில் அடித்துக் கொண்டேனே, கேட்டாளா?" என்று ஆரம்பித்தார். நாத்தனார் வந்து, வளைகாப்பு வீட்டில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். ஜோசியரைக் கூப்பிட்டார்கள். அவர் ஜாதகத்தை விரித்துப் புத்திரஸ்தானத்தில் தோஷம் என்று சொல்லி, பரிகாரத்துக்கு ஒரு தொகையும் சொன்னார். இன்னொரு உறவினர் அவரையும் மிஞ்சினார். தனக்குத் தெரிந்த இடத்தில் மறுநாளே வயிற்றைச் சுத்தம் செய்துவிடுவார்கள், உள்ளே வைத்திருந்தால் விஷமாகிவிடும் என்று அவசரப்படுத்தினார். அந்தப் பெண் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, மாமா" என்று பிறகு நம்மிடம் சொன்னாள்.

தோழர் நமக்குப் போன் செய்தார். நாம் நமக்குத் தெரிந்த டாக்டரம்மாவைக் கேட்டு, அந்தப் பத்து நாளும் ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொன்னோம். அவர்கள் அந்தப் பத்து நாளில் திருக்கருகாவூருக்குப் போய் அம்மன் சந்நிதியில் மந்திரித்த நெய்யும் வாங்கி வந்துவிட்டார்கள். பதினோராம் நாள் மறுபடி ஸ்கேன். கரு 13 மில்லிமீட்டர். துடிப்பு நிமிஷத்துக்கு 150. உடனே வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அம்மன் கண் திறந்துவிட்டாள்!"

பத்து நாள் பொறுக்கச் சொன்ன டாக்டரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தோழர்களே! அந்தப் பத்து நாளில் உள்ளே என்ன நடந்தது என்பதை நிதானமாகப் பார்ப்போம். முதலில் வாரக் கணக்கு. டாக்டர்கள் கர்ப்பத்தைக் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக மாதவிலக்கு ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஏனெனில் அந்த நாள்தான் பெண்ணுக்குத் தெரியும். கருத்தரித்த நாள் யாருக்கும் தெரியாது. ஆகவே ஆறு வாரக் கர்ப்பம் என்றால் கருவின் வயது உண்மையில் ஏறக்குறைய நாலு வாரந்தான். முதல் இரண்டு வாரக் கர்ப்பத்தில் கருவே கிடையாது. 28 நாளுக்கொருமுறை ஒழுங்காக விலக்காகிறவளுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். 35 நாள், 40 நாள் என்று தள்ளிப் போகிறவளுக்கு முட்டை வெளிப்படுவதும் அத்தனை நாள் தள்ளித்தான் இருக்கும். அவள் காலண்டர்படி ஏழு வாரம் என்று வந்தால் உள்ளே இருப்பது ஐந்தரை வாரத்துக் கருவாக இருக்கக்கூடும். இதில் தோஷம் காலண்டருக்கா, புத்திரஸ்தானத்துக்கா?

கருத்தரித்து ஏறக்குறைய 22-ம் நாள் அந்தத் துடிப்பு ஆரம்பமாகிறது. அப்போது இருப்பது நாம் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் நாலறை இதயமல்ல. ஒரு மெல்லிய குழாய். அதன் தசை தானாகவே சுருங்கி விரிய ஆரம்பிக்கிறது. அறைகளும் கதவுகளும் பிறகு வரும் வாரங்களில் அந்தக் குழாய் வளைந்து, மடிந்து, தடுப்பு ஏற்பட்டு உண்டாகின்றன. ஆறாவது வாரத்தில் கரு முழுவதுமே ஓர் அரிசி நீளங்கூட இருக்காது. அதற்குள் ஒரு குழாய், அந்தக் குழாயில் ஒரு நடுக்கம். அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் எவ்வளவு கூர்மையான கருவி வேண்டும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவிக்கு ஒரு வாரம் பிந்தித் தெரிவது, உள்வழியாகப் பார்க்கும் கருவிக்கு முந்தித் தெரியும். இதைத் தெரியாமல் வயிற்றின் மேல் பார்த்துவிட்டுத் துடிப்பில்லை என்று அழுதவர்களும் உண்டு.

துடிப்பு தெரிய ஆரம்பிக்கும்போது நிமிஷத்துக்கு 100 அல்லது 110 இருக்கும். பிறகு நாளுக்கு நாள் ஏறி ஒன்பதாவது வாரத்தில் 170-ஐத் தாண்டும். அதன்பின் இறங்கி 150 பக்கம் வந்து நிற்கும். கருவும் அந்த வாரங்களில் நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். 3 மில்லிமீட்டர் கரு பதினொரு நாளில் 13 அல்லது 14 ஆகும். அடையாற்றுத் தோழர் வீட்டுக் கரு 13 ஆனது. நெய் சாப்பிட்ட வீட்டிலும் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், சாப்பிடாத வீட்டிலும் ஒரு மில்லிமீட்டர். காயிதே மில்லத் கல்லூரி பக்கத்து முஸ்லிம் வீட்டிலும், சாந்தோமிலுள்ள கிறிஸ்தவர் வீட்டிலும் அதே கணக்குத்தான்.

சரி, எப்போது இல்லை என்று முடிவு செய்வது? இதற்கும் விதி இருக்கிறது. கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தும் துடிப்பில்லை என்றால், அல்லது கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பை சராசரி 25 மில்லிமீட்டராகியும் உள்ளே கருவே காணவில்லை என்றால், அப்போதுதான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சந்தேகமின்றிச் சொல்லலாம். அதற்குக் குறைவாயிருந்தால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பொறுத்து மறுபடி பார்க்கவேண்டும். இதிலே நீங்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. முன்னே இங்கிலாந்தில் 6 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் என்று எல்லை வைத்திருந்தார்கள். அளப்பதில் கை தவறினால் உயிருள்ள கருவையும் இல்லை என்று சொல்லிவிடக்கூடும் என்று 2011-ல் டாக்டர்களே ஆராய்ந்து காட்டினார்கள். உடனே எல்லையைக் கூட்டி மாற்றிக் கொண்டார்கள். "நாங்கள் எழுதியது தவறு, இனி இப்படிச் செய்யுங்கள்" என்று தங்கள் பெயரைப் போட்டே எழுதினார்கள். நமது சாஸ்திரங்களில் எந்தச் சாஸ்திரமாவது தன் தவற்றை இப்படி ஒப்புக்கொண்டதுண்டா? மாறாக, தவறு கண்டுபிடித்தவனுக்கல்லவா நரகம் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இந்தத் துடிப்பை மனிதன் கண்டுபிடித்த கதையும் கேட்கத் தக்கது. ஜெனீவாவில் மேயர் என்ற வைத்தியர் 1818-ல் கர்ப்பிணியின் வயிற்றில் காதை வைத்துக் குழந்தையின் இதய ஓசையைக் கேட்டார். 1821-ல் பாரிசில் கெர்கராடெக் என்பவர், லயன்னெக் புதிதாகக் கண்டுபிடித்திருந்த ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். அவர் தேடியது வேறு. குழந்தை அசையும்போது தண்ணீர் தளும்பும் ஓசை கேட்குமா என்று பார்த்தார். கேட்டதோ, தாயின் நாடியைவிட விரைவாக ஓடும் இன்னொரு துடிப்பு. 1895-ல் பினார்டு என்பவர் ஊதுகுழல் போன்ற ஒரு கருவியைச் செய்தார். நமது நர்சம்மாக்கள் வயிற்றில் ஒரு முனையையும் காதில் ஒரு முனையையும் வைத்துக் கேட்டார்களே, அதுதான். ஆனால் இவையெல்லாம் ஐந்தாம் மாதத்துக்கு முன் உதவாது.

ஆறாவது வாரத்துத் துடிப்பைக் காட்டியது எது? இரும்புப் பட்டறை! தொழிற்சாலையில் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டு என்பவர், அந்த வித்தையையே பெண்ணின் வயிற்றுக்குத் திருப்பினார். அறுத்தெடுத்த கட்டிகளைப் பாய்லர் செய்யும் கம்பெனிக்கு மோட்டாரில் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தவர் அவர். 1958-ல் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை எழுதி வெளியிட்டார்கள். அதே கிளாஸ்கோவில் 1972-ல் ராபின்சன் என்பவர், ஏழாவது வாரத்திலேயே கருவின் துடிப்பைத் திரையில் காட்டலாம் என்று நிரூபித்தார். அதாவது தோழர்களே, தவம் இருந்த முனிவர் ஒருவருக்கும் ஞானதிருஷ்டியில் தெரியாத ஒன்று, பாய்லர் கம்பெனிக்காரன் கருவியில் தெரிந்தது.

இன்று கடையில் டாப்ளர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வீட்டிலேயே குழந்தையின் ஓசையைக் கேட்கலாம் என்று விளம்பரம். பத்து பன்னிரண்டு வாரத்துக்கு முன் அதில் ஒன்றும் கேட்காது. கேட்கவில்லை என்று கலங்குவீர்கள். பிறகோ, தாயின் இரத்தக் குழாய் ஓசையைக் குழந்தையின் ஓசை என்று நம்பிக்கொண்டு, டாக்டரிடம் ஓடவேண்டிய நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். விஞ்ஞானத்தின் பெயரால் விற்கிறான் என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் ஒரு பக்திதான்.

இனி, சொல்வதற்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லவேண்டும். அடையாற்றில் நடந்தது நல்லபடியாக முடிந்தது. எல்லாம் அப்படி முடிவதில்லை. நமது வீட்டில் முடியவில்லை. பல வருஷங்களுக்கு முன்பு நமது துணைவியாருக்கு முதல் கர்ப்பம். இரண்டு முறை பொறுத்துப் பார்த்தும் துடிப்பு வரவில்லை. எல்லை தாண்டிவிட்டது, நின்றுவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நமது தாயார், "வேலைக்குப் போகிறேன் என்று பஸ்ஸில் அலைந்தாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றவில்லை, எப்படித் தங்கும்?" என்றார். அன்று சாயந்திரம் நமக்கு ஒரு கூட்டம் இருந்தது. பெண்ணடிமையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று தாயாருக்கு ஒரு பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. துணைவியார் அதை இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவேண்டியதுமில்லை.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறோம். தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்து போகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். இப்படி முன்னதாகக் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், முட்டையும் விந்தும் சேரும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகிப் போவது. அது கருத்தரிக்கும் வேளையிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் போனாலும், மாடிப்படி ஏறினாலும், கிரகணத்தைப் பார்த்தாலும், விளக்கேற்றினாலும், ஏற்றாவிட்டாலும் அது கூடுவதுமில்லை குறைவதுமில்லை. மிச்சக் காரணங்களில் வைத்தியத்துக்கு அடங்கியவை உண்டு. சர்க்கரை வியாதி, தைராய்டு, கர்ப்பப்பையின் அமைப்பு என்று டாக்டரிடம் போய்ப் பார்த்துக் கொள்ளவேண்டியவை. மாமியாரிடம் விசாரணைக்கு நிற்கவேண்டியவை ஒன்றுமில்லை.

இரண்டு வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். அடையாற்று வீட்டில் துடிப்பு வந்தது. அது அம்மன் தயவு. நமது வீட்டில் வரவில்லை. நமது தாயாரும் கோயிலுக்கு நேர்ந்துகொண்டுதான் இருந்தார். அது யாருடைய குற்றம் என்றார்கள்? அம்மனுடைய குற்றம் என்று ஒருவராவது சொன்னார்களா? வந்தால் கடவுளுக்குப் புகழ், வராவிட்டால் பெண்ணுக்குப் பழி! இப்படி ஒரு வியாபாரத்தை எந்தச் செட்டியாராவது நடத்த முடியுமா? லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் கடைக்கு வந்தவளுக்கு என்று எழுதிப் பலகை மாட்டினால் எவனாவது கடைக்குள் நுழைவானா?

சாஸ்திரங்களில் இல்லாததா என்பார்கள். பார்ப்போம். கர்ப்போபநிஷத் என்று ஒன்று இருக்கிறது. ஏழாம் மாதத்தில்தான் கருவில் ஜீவன் வந்து சேருகிறது என்பது அதன் கணக்கு. அப்படியானால் ஆறாவது வாரம் முதல் திரையில் நிமிஷத்துக்கு 110 தரம் துடித்துக் கொண்டிருப்பது யார்? ஜீவன் வருவதற்கு முன் வாடகைக்கு வந்தவரா? தகப்பன் விந்து அதிகமானால் ஆண், தாயின் பங்கு அதிகமானால் பெண் என்றும் அதே புத்தகம் சொல்லுகிறது. 1905-ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார், புழுவின் செல்களை ஆராய்ந்து, ஆணா பெண்ணா என்பதைத் தகப்பன் வழி வரும் குரோமோசோம் ஒன்றே தீர்மானிக்கிறது என்று கண்டுபிடித்தார். பெண் குழந்தை பெற்றதற்காகப் பெண்டாட்டியைத் தள்ளி வைத்தவர்கள் எல்லாம் கண்ணாடியைப் பார்த்துத் தங்களையே தள்ளி வைத்துக் கொண்டிருக்கவேண்டும்!

அதுமட்டுமா? பும்சவனம் என்று ஒரு சடங்கு. கர்ப்பம் இரண்டு மூன்று மாதமானதும் ஆண் பிள்ளை பிறக்கவேண்டுமென்று செய்வது. ஆலந்தளிரை இடித்து அதன் சாற்றைக் கர்ப்பிணியின் வலது மூக்கில் விடவேண்டுமாம். கருத்தரித்த கணத்திலேயே முடிந்துபோன விஷயத்துக்கு மூன்றாம் மாதத்தில் மூக்கு வழியாக மனுப் போடுகிறார்கள்! பழைய சடங்குதானே, போய்விட்டதே என்று நினைக்காதீர்கள். அது இப்போது வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. துடிப்பு 140-க்கு மேல் இருந்தால் பெண், கீழே இருந்தால் ஆண் என்று படித்த பெண்களே ஸ்கேன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இப்போதுதான் சொன்னோம், ஒன்பதாவது வாரத்தில் எல்லாக் கருவுக்கும் 170-க்கு மேல் போகும் என்று. அப்படியானால் ஒன்பதாவது வாரத்தில் உலகத்திலுள்ள கருவெல்லாம் பெண்ணாகி, பிறகு பாதி ஆணாக மாறுகிறதா? சோதித்துப் பார்த்தவர்கள் முதல் மூன்று மாதத்தில் ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் துடிப்பில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்றே கண்டிருக்கிறார்கள்.

இது சிரிக்கிற விஷயமாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். பெண் என்று தெரிந்தால் கலைக்கிறார்களே என்றுதான் 1994-ல் சட்டம் செய்தார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொன்னால் முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை, பதினாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் அந்த அறிவிப்புப் பலகை தொங்குகிறது. பிள்ளை இல்லாவிட்டால் புத் என்னும் நரகம், கொள்ளி போட மகன் வேண்டும் என்று எழுதி வைத்தவனுக்கு எந்தச் சட்டத்தில் தண்டனை? பலகை தொங்கும் சுவரில் பிள்ளையார் படமும் தொங்குகிறதே, அதுதான் நமது நாடு.

வைதீகம் இங்கே மட்டும் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். மேல்நாட்டில் பாதிரிமார்கள் இதே துடிப்பை வேறு விதமாகப் பிடித்துக் கொண்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் 2021-ல் ஒரு சட்டம் வந்தது. துடிப்பு தெரிந்துவிட்டால் அதன்பின் கருவைக் கலைக்கக் கூடாது என்றது. துடிப்பு தெரிவது ஆறாவது வாரத்தில். நாம் முன்னே சொன்ன கணக்குப்படி, அவளுக்கு நாள் தள்ளிப் போய் இரண்டு வாரந்தான் ஆகியிருக்கும். கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் குழாயின் நடுக்கத்துக்கு இதயம் என்று பெயர் வைத்து, அதை உடையவளின் இதயத்தை மறந்துவிட்டார்கள்.

இதன் முடிவு எங்கே போகும் என்பதற்கு நம் நாட்டுப் பெண்ணே சாட்சி. கர்நாடகத்துப் பெண், பல் டாக்டர், சவிதா ஹலப்பனாவர். அயர்லாந்தில் கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில், கரு கலைய ஆரம்பித்துவிட்டது. பிழைக்காது என்று டாக்டர்களுக்கே தெரியும். எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்டாள். கருவின் துடிப்பு இன்னும் இருக்கிறது, அது நிற்கும்வரை சட்டப்படி தொடமுடியாது என்றார்கள். காத்திருந்த நாட்களில் விஷம் இரத்தத்தில் ஏறி அவள் இறந்தாள். வயது 31. அந்த நாட்டு மக்கள் வெட்கப்பட்டார்கள். 2018 மே மாதம் ஓட்டுப் போட்டு அந்த விதியையே தங்கள் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தெறிந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. ஸ்கேன் கருவியைக் கொண்டுவந்த டாக்டர் டொனால்டு தீவிரக் கிறிஸ்தவர், கருக்கலைப்பை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். அதனால் அவர் கண்டுபிடித்ததை நாம் வேண்டாம் என்றா சொல்வோம்? அவருடைய கருவிக்கு அவருடைய மதம் தெரியாது. நமக்கு வேண்டியது கருவி.

நமது நாட்டில் 1971-ல் செய்த சட்டமும் 2021-ல் செய்த திருத்தமும் துடிப்பை எல்லையாக வைக்கவில்லை. வாரத்தை வைத்தே கணக்கிடுகின்றன. கலியாணமாகாத பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கர்ப்பம் வேண்டுமா வேண்டாமா என்பது பெண்ணின் இஷ்டமாக இருக்கவேண்டும் என்று பெரியார் 1930-களில் சொன்னபோது இதே மயிலாப்பூரில் எத்தனை பேர் காதைப் பொத்திக் கொண்டார்கள்! கர்ப்பத்தடை என்ற வார்த்தையே ஆபாசம் என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மருந்தை லஸ் முனையில் வாங்கிக் கொண்டு போகிறார்கள். வாங்கட்டும், சந்தோஷம்.

பெண்ணை ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே சாகவிட்ட காலத்தில், 1885-ல் கோஷா ஆஸ்பத்திரியை ஏற்படுத்தியவர் மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்கார அம்மையார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னையில் பட்டம் பெற்று, அடையாற்றிலேயே ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் வைத்தார். எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844 முதல் இருக்கிறது. இவைகளெல்லாம் இருக்கும் ஊரில்தான் துடிப்பு தெரியவில்லை என்றதும் ஜோசியருக்குப் போன் போகிறது.

இனி உங்கள் வீட்டில் யாருக்காவது துடிப்பு தெரியவில்லை என்று சொன்னால், கரு எத்தனை மில்லிமீட்டர், உள்வழியாகப் பார்த்தீர்களா மேலாகப் பார்த்தீர்களா, மறுபடி எப்போது பார்ப்பது என்று அங்கேயே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். மறுமுறை பார்க்காமல் அவசரமாகச் சுத்தம் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் இரத்தப் போக்கு அதிகமானாலோ, ஒரு பக்கம் தாங்கமுடியாத வலி எடுத்தாலோ, மயக்கம் வந்தாலோ பத்து நாள் என்று காத்திருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. பொறு என்று சொன்னது துடிப்புக்காகத்தான், இதற்கல்ல.

அடையாற்றுப் பெண்ணுக்கு இப்போது எட்டாம் மாதம். சீமந்தத்துக்குப் புரோகிதரை அழைப்பதா என்று வீட்டில் பேச்சு வந்ததாம். "வளையல் போடுங்கள், அத்தை, சந்தோஷமாகப் போட்டுக் கொள்கிறேன். மந்திரம் மட்டும் வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். தோழர் நமக்குச் சொல்லும்போது, தன் அம்மா ஒன்றும் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நேரம் அதிகமாகிவிட்டது. தாய்மார்கள் கேட்க விரும்புவதைச் சீட்டில் எழுதி முன்வரிசைத் தோழியரிடம் கொடுத்தால், மேடையிலிருக்கும் டாக்டரம்மா பதில் சொல்லுவார். பெயர் எழுதவேண்டியதில்லை.